ஆட்டம் காணும் முன்சக்கரம்
தோட்டத்து லேண்ட் ரோவரின் ஸ்டீயரிங், ஸ்பிரிங் பாகங்களைச் சோதிப்பதும் மாற்றுவதும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. தேருக்கு மட்டுமன்று, தோட்டத்தில் ஓடும் பழைய லேண்ட் ரோவருக்கும் இம்மொழி பொருந்தும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அச்சாணி கழன்ற தேர் நின்றுவிடும். முன்சக்கரத்தின் மூட்டு தேய்ந்த வண்டியோ நிற்பதில்லை. பல மாதங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அதுவே அதன் ஆபத்து.

இக்கட்டுரையாளர் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றிலிருந்து பள்ளி மாணவர்கள் விளையாட்டுப் போட்டிக்கு ஒரு பழைய லேண்ட் ரோவரில் அழைத்துச் செல்லப்பட்டனர். தோட்டத்துச் செம்மண் பாதையின் வளைவில் வண்டி திரும்பவில்லை. ஓட்டுநரின் கையில் ஸ்டீயரிங் வளையம் இலேசாகச் சுழன்றது. சக்கரங்களோ நேரே சென்றன. வண்டி ஓடைக்கரை மேட்டில் மோதி நின்றது. மெதுவாகச் சென்றதால் சிராய்ப்புகளோடு அனைவரும் தப்பினர். இறங்கிப் பார்த்தபோது, கட்டை விரல் பருமனுள்ள ஒரு மூட்டு தன் குழியிலிருந்து கழன்று தொங்கியது. "ஸ்டீயரிங் ஆடுகிறது என்று மூன்று முறை சொன்னேன், சார்" என்றார் ஓட்டுநர். அவர் சொன்னது உண்மையே. ஆனால் சொன்னதை எவரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைப்பதன் தேவையை இறுதியில் காண்போம். அதற்கு முன், அந்தச் சிறு மூட்டும் அதன் தோழமைப் பாகங்களும் என்ன வேலை செய்கின்றன, எவ்வாறு தேய்கின்றன, எவ்வாறு மாற்றப்படுகின்றன என்பதை வரிசையாக அறிவோம்.

பழைய வண்டி, புதிய சாலை

லேண்ட் ரோவர் 1948-ஆம் ஆண்டில் அறிமுகமானது. போருக்குப் பின் எஃகுத் தட்டுப்பாடு நிலவியமையால் அதன் மேலுடல் அலுமினியக் கலவைத் தகட்டால் செய்யப்பட்டது. 1958-இல் இரண்டாம் வரிசை வண்டிகளும், 1971-இல் மூன்றாம் வரிசை வண்டிகளும் வெளிவந்தன. மூன்றாம் வரிசையின் உற்பத்தி 1985-இல் நின்றது. நம் நாட்டில் 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் காவல் துறையும் இராணுவமும் இவ்வண்டியைப் பெரிதும் பயன்படுத்தின. பின்னர்த் தோட்டங்களிலும் அது நிலைபெற்றது. கேமரன் மலையில் காய்கறி ஏற்றிச் செல்லும் பழைய லேண்ட் ரோவர்களை இன்றும் காணலாம்.

மேலுடல் அலுமினியம் ஆதலால் வண்டி துருப்பிடிக்காது என்று சிலர் எண்ணுவர். இது தவறு. வண்டியைத் தாங்கும் சேசிஸ் எஃகால் ஆனது. ஸ்பிரிங் பட்டைகளும், அச்சும், ஸ்டீயரிங் தண்டுகளும் எஃகே. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நம் நாட்டில், சேறு படிந்த இடமெல்லாம் துரு ஏறும்.

இன்னொரு மாற்றத்தையும் கருத வேண்டும். முன்னாளில் தோட்டத்து வண்டி பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளேயே ஓடியது. இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் நிலை வேறு. ஷா ஆலம் நகரம் எழுந்த இடம் சுங்கை ரெங்கம் தோட்டம். சுபாங் ஜெயா எழுந்த இடம் சீபீல்ட் தோட்டம். எஞ்சியுள்ள தோட்டங்களின் வாயிலிலேயே பெருஞ்சாலைகள் வந்துவிட்டன. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செம்மண் பாதையில் ஓடும் வண்டி, அரை மணி நேரத்தில் கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளான் துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன் லாரிகளின் பக்கத்தில் ஓட நேர்கிறது. தீபாவளிச் சாமான் வாங்கப் பிரிக்பீல்ட்சுக்குச் செல்லும் குடும்பமும், மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளியும் அதில் இருக்கக்கூடும். செம்மண் பாதையில் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஆட்டம், நெடுஞ்சாலையில் உயிருக்கு உலை வைக்கும்.

கையின் திருப்பம் சக்கரத்தை அடையும் வழி

இரண்டாம், மூன்றாம் வரிசை லேண்ட் ரோவர்களில் ஓட்டுநரின் கைத்திருப்பம் நேராகச் சக்கரத்தைச் சென்றடைவதில்லை. அது ஒரு சங்கிலி போன்ற பல பாகங்களின் வழியே செல்கிறது.

முதலில் ஸ்டீயரிங் பெட்டி. அதிலிருந்து ஒரு கை இறங்குகிறது. அக்கை ஒரு நீள் தண்டைத் தள்ளி இழுக்கிறது. அத்தண்டு, சேசிஸின் முன் குறுக்குச் சட்டத்தில் நிமிர்ந்து நிற்கும் ரிலே என்னும் உருளையின் மேற்கையை அசைக்கிறது. ரிலேயின் கீழ்க்கை மற்றொரு தண்டை அசைக்க, அத்தண்டு ஒரு சக்கரத்தைத் திருப்புகிறது. இரு சக்கரங்களையும் இணைக்கும் டைரோட் என்னும் நீண்ட தண்டு, மறு சக்கரத்தையும் உடன் திருப்புகிறது.

இம்மூன்று தண்டுகளின் இரு முனைகளிலும் ஒவ்வொரு குண்டு மூட்டு உண்டு. பட்டறையில் இதைப் 'போல் ஜோயிண்ட்' என்பர். ஆக மொத்தம் ஆறு மூட்டுகள். நம் தோள்மூட்டைப் போல, குழிக்குள் ஒரு குண்டு சுழலும் அமைப்பே இது. குழிக்குள் மசகு இருக்கும். சேறு புகாதபடி மேலே ஒரு ரப்பர் உறை இருக்கும். உறை கிழிந்தால் மழைநீரும் மணலும் உட்புகும். அதன்பின் அம்மூட்டு தேயக் கால அட்டவணை தேவையில்லை.

சக்கரம் இடமும் வலமும் திரும்பும் இடத்தில் மேலும் கீழும் கிங் பின் என்னும் முளைகள் உள்ளன. அவை பந்து வடிவமான பளபளப்பான உறையைச் சுற்றித் திரும்புகின்றன. அப்பந்தினுள் கியர் எண்ணெய் நிற்கும். வெளியே ஓர் எண்ணெய்ச் சீல் அதைக் காக்கும். பந்தின் மேற்பூச்சு துருவால் குழி விழுந்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் அது அரம்போல் சீலை அறுக்கும், எண்ணெய் ஒழுகும், உள்ளிருக்கும் மூட்டும் பெயரிங்கும் வறண்டு அழியும்.

இவை யாவும் ஓர் அச்சின்மேல் நிற்கின்றன. அவ்வச்சைச் சேசிஸோடு இணைப்பவை ஸ்பிரிங் பட்டைகள். ஒவ்வொரு பட்டையும் ஒரு முனையில் நிலையான போல்ட்டாலும், மறு முனையில் ஷேக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பாலும் பிடிக்கப்பட்டுள்ளது. போல்ட் நுழையும் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது. பட்டை துள்ளும்போது அதை அடக்குவது அப்சோபர்.

இப்போது ஓர் உண்மை விளங்கும். ஸ்டீயரிங் வளையத்தில் உணரப்படும் ஆட்டம் ஏதோ ஒரே பாகத்தின் குற்றமன்று. ஆறு மூட்டு, ஒரு ரிலே, நான்கு கிங் பின், இரு சக்கரங்களின் பெயரிங், ஸ்பிரிங் புஷ்கள் ஆகிய ஒவ்வொன்றின் சிறு தேய்மானமும் கூடி, வளையத்தில் இரண்டு விரற்கடை ஆட்டமாகத் தெரிகிறது. ஆகவே எளிதில் எட்டும் ஒரு மூட்டை மட்டும் மாற்றிவிட்டுச் 'சரியாகிவிட்டது' எனக் கூறுவது வீண் செலவு. ஸ்டீயரிங் பெட்டியின் சரிசெய் திருகை இறுக்கி ஆட்டத்தை மறைப்பதோ அதனினும் தீது. நேரே செல்லும்போது ஆட்டம் குறைந்ததுபோல் தோன்றும். வளைவில் ஸ்டீயரிங் இறுகிப் பிடிக்கும். பெட்டியின் உட்பற்களும் விரைவில் அழியும். தேய்ந்த மூட்டு தேய்ந்தபடியே இருக்கும்.

நீங்கள் சீவிய பாலில் பிறந்த புஷ்

விடியற்காலையில் நீங்கள் சீவி இறக்கும் பால், அமிலத்தால் உறைந்து, ஆலையில் பிழியப்பட்டு உலர்ந்து, தொழிற்சாலைக்குச் செல்கிறது. அங்கே கந்தகமும் கரித்தூளும் சேர்த்து வெப்பத்தில் பதப்படுத்தப்படுகிறது. 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்த முறையே இதற்கு அடிப்படை. பதமான ரப்பரை இரு எஃகுக் குழாய்களுக்கு நடுவே வைத்து, எஃகோடு ஒட்டிப் பிணைத்தால் கிடைப்பதே ஸ்பிரிங் புஷ்.

செயற்கை ரப்பர்கள் பல வந்த பின்னும், இவ்வேலைக்கு இயற்கை ரப்பரே இன்றும் பெரிதும் விரும்பப்படுகிறது. காரணம் உண்டு. இழுக்கப்படும்போது இயற்கை ரப்பரின் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொண்டு உறுதி பெறுகின்றன. அதனால் சிறு கீறல் எளிதில் பெரும் கிழிசலாவதில்லை. பல இலட்சம் முறை முறுக்கினாலும் அது அதிகம் சூடேறுவதுமில்லை. இக்குணங்களை நம்பியே பாலங்களையும் கட்டடங்களையும்கூட ரப்பர் மெத்தைமேல் நிறுத்துகின்றனர். இங்கிலாந்தின் லிங்கன் நகரில் 1950-களில் கட்டப்பட்ட பெல்ஹாம் பாலம் அத்தகையது. நம் நாட்டில் 1925-இல் தொடங்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும், 1998-இல் அதன் பணியை ஏற்றுக்கொண்ட மலேசிய ரப்பர் வாரியமும் இத்துறையில் உழைத்து வந்துள்ளன.

ரப்பர் புஷ் வேலை செய்யும் விதத்தை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். கதவுக் கீல் போல் அது வழுக்கிச் சுழல்வதில்லை. உட்குழாய் போல்ட்டோடும், வெளிக்குழாய் ஸ்பிரிங்கோடும் இறுகி நிற்க, நடுவிலுள்ள ரப்பர் மட்டுமே முறுகி முறுகி நிமிர்கிறது. இதை அறிந்தால் இரண்டு தவறுகளைத் தவிர்க்கலாம்.

முதலாவது, புஷ் 'கீச்சு' எனச் சத்தமிடுகிறதென்று அதன்மேல் பழைய எஞ்சின் எண்ணெய் ஊற்றுவது. வழுக்கும் இடமே இல்லாத ஒன்றுக்கு எண்ணெய் எதற்கு? மேலும், கனிம எண்ணெய் இயற்கை ரப்பருக்குப் பகை. எண்ணெய் குடித்த ரப்பர் உப்பி, மெத்தென்றாகி, வலுவிழக்கும். எண்ணெய்ச் சீல்களை வேறு வகைச் செயற்கை ரப்பரால் செய்வது இதனாலேயே. சத்தமிடும் புஷ் எண்ணெய் கேட்கவில்லை. தன் ஓய்வைக் கேட்கிறது.

இரண்டாவது தவறு, வண்டியை ஜேக்கில் தூக்கி, அச்சு தொங்கும் நிலையிலேயே புதிய புஷ்ஷின் போல்ட்டை இறுதியாக இறுக்குவது. பிறகு வண்டியைத் தரையில் இறக்கினால், புஷ் அப்போதே முறுகிய நிலைக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் அது மேலும் முறுகிச் சில மாதங்களில் கிழிந்துவிடும். வண்டி தன் சக்கரங்களின்மேல் முழு எடையோடு நிற்கும்போதுதான் அந்நட்டை இறுதியாக இறுக்க வேண்டும்.

தேய்மானத்தைக் கண்டறிதல்

கீழ்க்காணும் சோதனைகளுக்கு இருவர் போதும். மாதம் ஒருமுறை செய்தல் நன்று.

1. வண்டி தரையில் நிற்கட்டும். ஒருவர் ஸ்டீயரிங் வளையத்தை இடமும் வலமும் சிறிது சிறிதாக அசைக்கட்டும். மற்றவர் ஒவ்வொரு குண்டு மூட்டின்மேலும் விரல்களை வைத்துப் பார்க்கட்டும். தண்டு அசைந்த பிறகு கை அசைந்தால் அம்மூட்டு தேய்ந்தது. கண்ணுக்குத் தெரியாததை விரல் உணரும்.

2. அதே அசைவில் ரிலேயைக் கவனியுங்கள். மேற்கை அசைந்தும் கீழ்க்கை தாமதித்தால் ரிலே தேய்ந்திருக்கலாம். அல்லது கைகளைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்திருக்கலாம். முதலில் போல்ட்டைச் சோதியுங்கள்.

3. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் இரு கைகளால் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், மற்றவர் கால் பிரேக்கை அழுத்தட்டும். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் குற்றம் சக்கரப் பெயரிங்கில். மறையாவிட்டால் குற்றம் கிங் பின்னில். செலவில்லாத இச்சோதனை பட்டறையில் அரை நாள் வீண் உழைப்பைத் தவிர்க்கும்.

4. ஸ்பிரிங் கண்களை நோக்குங்கள். போல்ட் கண்ணின் நடுவில் இராமல் ஒருபுறம் சாய்ந்திருந்தாலும், ரப்பர் பிதுங்கியோ வெடித்தோ இருந்தாலும், புஷ்ஷின் காலம் முடிந்தது. கடப்பாரையால் மெல்ல நெம்பினால் தளர்வு தெரியும்.

5. அப்சோபரின் உடலில் எண்ணெய்க் கசிவு, அதன் இரு முனை ரப்பர்களின் நிலை, யூ போல்ட்டுகளின் இறுக்கம் ஆகியவற்றைப் பாருங்கள்.

ஓட்டும்போதும் வண்டி தன் குறையைச் சொல்லும். பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் வளையம் கைகளை உதறினால், அது கிங் பின் தளர்வுக்கும் மூட்டுகளின் தேய்மானத்துக்கும் அடையாளம். வண்டி ஒருபுறமாக இழுத்தால், டயர் காற்று, பிரேக், ஸ்பிரிங் புஷ் ஆகிய மூன்றையும் பாருங்கள். டயரின் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்கள் நேர்ப்பாட்டில் இல்லை என்பது பொருள்.

வேலையைத் தொடங்கும் முன்

சமதரையில், இறுகிய மண்ணில் அல்லது சிமெந்துத் தளத்தில் மட்டுமே வண்டியை உயர்த்துக. பழைய லேண்ட் ரோவரின் கை பிரேக் சக்கரங்களில் பிடிப்பதில்லை. கியர் பெட்டிக்குப் பின்னால் சுழலும் தண்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழுந்தால் அப்பிடிப்பு பயனற்றுப் போகும், வண்டி உருளும். எனவே கை பிரேக்கை மட்டும் நம்பாது, தரையிலுள்ள சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தல் கட்டாயம்.

ஜேக் வண்டியை உயர்த்துவதற்கே அன்றித் தாங்குவதற்கன்று. உயர்த்தியதும் எஃகுத் தாங்கிகளை அச்சின் அடியிலோ சேசிஸின் அடியிலோ வைத்து, எடையை அவற்றின்மேல் இறக்குக. செங்கல் நொறுங்கும், ரப்பர் மரக்கட்டை பிளக்கும், பால் வாளி நசுங்கும். இவற்றை நம்பி வண்டியின் கீழே படுத்தல் ஆகாது.

பெட்ரோல் தொட்டி முன் இருக்கையின் அடியில் இருப்பதை மறவாதீர். துருப்பிடித்த போல்ட்டை வாயு விளக்கால் சூடாக்கும் வழக்கம் இங்கே பேராபத்து. சூடேறிய ஸ்பிரிங் பட்டையும் தன் பதம் இழக்கும். வேலைக்கு இரண்டு நாள் முன்னரே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து வைப்பதே அறிவுடைமை. மாற்றப்போகும் பழைய ரப்பரில் எண்ணெய் பட்டால் கவலையில்லை, புதியதில் படலாகாது.

மாற்றும் வரிசை

எதை முதலில் மாற்றுவது என்பது முக்கியம். சக்கரப் பெயரிங், கிங் பின், ஸ்பிரிங் புஷ், குண்டு மூட்டு, ரிலே, இறுதியில் ஸ்டீயரிங் பெட்டி என்னும் வரிசையே சிறந்தது. அச்சு தன் இடத்தில் நிலையாக நின்றால்தான் தண்டுகளின் அளவைச் சரியாக வைக்க முடியும்.

கிங் பின்: சிறு தளர்வாயின், முளையின் கீழுள்ள ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளில் ஒன்றிரண்டை நீக்கிச் சரிசெய்யலாம். அதனாலும் தீராவிட்டால் மேல் புஷ்ஷையும் கீழ்ப் பெயரிங்கையும் மாற்ற வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் வளைவுக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பாது. ஆதலால் வண்டியின் கைந்நூலில் கூறிய அளவின்படி இறுக்கம் பார்க்க வேண்டும். பந்தில் குழி விழுந்திருந்தால் சீலை மட்டும் மாற்றுவது பயன் தராது, பந்தையும் மாற்றுக. வேலை முடிந்ததும் ஒவ்வொரு பந்துக்கும் ஏறக்குறைய அரை லிட்டர் 90-ஆம் எண் கியர் எண்ணெய் தேவைப்படும்.

ஸ்பிரிங் புஷ்: பழைய புஷ்ஷை அழுத்து பொறியால் வெளியேற்றுதலே முறை. புதியதைப் பொருத்தும்போது வெளிக்குழாயின் விளிம்பில் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். உட்குழாயை அழுத்தினால் ரப்பரின் பிணைப்பு அப்போதே விட்டுவிடும். போல்ட்டின் தண்டில் சிறிது கிரீஸ் தடவுவது உட்குழாயோடு அது துருப்பிடித்து ஒட்டாமல் காக்கும். ரப்பரில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்க. ஒரு பக்க ஸ்பிரிங்கில் புஷ் மாற்றினால் மறு பக்கத்திலும் மாற்றுக. யூ போல்ட்டுகளைக் கழற்றினால் புதியவற்றையே போடுக. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் அவற்றை மறுபடி இறுக்குக.

குண்டு மூட்டு: கழற்றும் முன்னர், தண்டின் இரு மூட்டுகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள நீளத்தை அளந்து எழுதிக்கொள்க. ஸ்பிளிட் பின்னை நீக்கி, நட்டைத் தளர்த்துக. மூட்டின் கூர்முனை அதன் கண்ணில் இறுகப் பிடித்திருக்கும். கண்ணின் ஒரு பக்கத்தில் கனமான சுத்தியலை அணைத்து வைத்து, எதிர்ப்பக்கத்தை மற்றொரு சுத்தியலால் ஓங்கி அடித்தால் பிடி விடும். மூட்டின் மரைமேல் நேராக அடிக்காதீர். பிறகு தண்டின் கவ்வி போல்ட்டைத் தளர்த்தி, மூட்டை எத்தனைச் சுற்றில் வெளிவருகிறது என எண்ணிக்கொண்டே திருகி எடுக்க. தண்டின் ஒரு முனையில் வலமரையும் மறு முனையில் இடமரையும் இருப்பதால், இரு முனைகளுக்கும் உரிய மூட்டைப் பார்த்து வாங்க வேண்டும். புதியதை அதே எண்ணிக்கைச் சுற்றுகள் உட்செலுத்தி, நீளத்தை மீண்டும் அளந்து பார்த்துக் கவ்வியை இறுக்குக.

நட்டை இறுக்கியபின் ஸ்பிளிட் பின்னின் துளை நேராக வராவிட்டால், நட்டை மேலும் சிறிது இறுக்கியே துளையை நேராக்க வேண்டும். பின்னோக்கித் தளர்த்தி நேராக்குதல் கூடாது. ஸ்பிளிட் பின் ஒவ்வொரு முறையும் புதியதாக இருக்கட்டும். சில காசு பெறும் அப்பின்னே இத்தேரின் அச்சாணி.

ரிலே: இதில் ஓர் எச்சரிக்கை. ரிலேயின் உள்ளே மிகுந்த அழுத்தத்தில் அடைபட்ட ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. அறியாது பிரித்தால் அது துப்பாக்கிக் குண்டுபோல் பாய்ந்து முகத்தையோ கையையோ சிதைக்கும். தோட்டத்துப் பட்டறையில் இதைப் பிரிக்க வேண்டா. தேய்ந்திருந்தால் முழு ரிலேயையும் கழற்றி மாற்றுக. பிரித்துச் சீராக்குவதைத் தக்க கருவியுள்ள தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுக. வறண்ட ரிலேயே விரைவில் தேயும். ஆதலால் அதனுள் எண்ணெய் இருப்பதைக் குறித்த காலத்தில் பார்த்தல் வேண்டும்.

அப்சோபர்: ஒன்று பழுதானாலும் ஒரே அச்சின் இரண்டையும் மாற்றுக. ஒருபுறம் புதிது, மறுபுறம் பழையது என்றால், பள்ளத்தில் வண்டி சாய்ந்து துள்ளும்.

நேர்ப்படுத்துதல்

மூட்டுகளை மாற்றியபின் இரு முன்சக்கரங்களின் நேர்ப்பாட்டைப் பார்க்காமல் வண்டியைச் சாலைக்குக் கொண்டு செல்லலாகாது. பழைய லேண்ட் ரோவரில் சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கு இடையிலான தூரம், பின்விளிம்புகளுக்கு இடையிலான தூரத்தைவிட 1.2 முதல் 2.4 மில்லிமீட்டர் வரை குறைவாக இருக்க வேண்டும்.

இதனை அளக்க எளிய வழி உண்டு. சக்கரங்களை நேராக வைத்து, இரு இரும்பு வளையங்களின் முன்புறத்திலும் அச்சின் உயரத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டுத் தூரத்தை அளக்க. பிறகு வண்டியை முன்னே தள்ளி, அதே குறிகள் பின்புறத்தில் அச்சின் உயரத்துக்கு வந்ததும் மீண்டும் அளக்க. அதே குறிகளை இருமுறையும் அளப்பதால், வளையம் சற்று நெளிந்திருந்தாலும் கணக்குப் பிழையாகாது. வேறுபாடு மிகினும் குறையினும் டைரோட்டைச் சுற்றிச் சரிசெய்க. நெடுஞ்சாலைக்குச் செல்லும் வண்டியாயின், கருவியுள்ள கடையில் மறுபடி பார்த்துக்கொள்வது நலம்.

சோதனை ஓட்டத்தைத் தோட்டத்துக்குள்ளேயே, ஆட்களை ஏற்றாமல், மெதுவாகச் செய்க. திரும்பி வந்ததும் எல்லா நட்டுகளையும் பின்களையும் இன்னொருவர் கண்ணால் பார்க்கட்டும். வேலை செய்தவர் தன் பிழையைத் தானே காண்பது அரிது.

பாகம் வாங்கும்போது

கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகள் உண்டு. கதவு, கண்ணாடி, இருக்கை போன்றவற்றை அங்கு வாங்குவதில் தவறில்லை. ஆனால் குண்டு மூட்டு, ரப்பர் புஷ், யூ போல்ட், எண்ணெய்ச் சீல் ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாகாது. பிறர் வண்டியில் எத்தனைக் காலம் உழைத்தவை என்பதை எவர் அறிவார்?

புதிய புஷ் வாங்கும்போது, ரப்பர் இரு எஃகுக் குழாய்களோடும் இடைவெளியின்றி ஒட்டியிருக்கிறதா எனப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் உள்வாங்கி உடனே மீள வேண்டும். ரப்பரின் தரத்தைக் கையால் அறிவதில் உங்களைவிடத் தேர்ந்தவர் யார்? வண்டி மாதிரியின் ஆண்டையும் நீளத்தையும் எழுதிக் கொண்டு செல்க. 88 அங்குலம், 109 அங்குலம் என இருவகை நீள வண்டிகள் உண்டு; அவற்றின் பாகங்கள் யாவும் ஒன்றல்ல.

சொல்வதோடு நில்லாது எழுதுக

இனி, தொடக்கத்தில் கண்ட ஓட்டுநரிடம் திரும்புவோம். அவர் குறையை உணர்ந்தார், சொன்னார், ஆயினும் வண்டி ஓடியது. வாய்ச்சொல் காற்றோடு போயிற்று. ஒவ்வொரு தோட்ட வண்டிக்கும் ஒரு குறிப்பேடு இருத்தல் வேண்டும். தேதி, கண்ட குறை, அறிவிக்கப்பட்டவர், செய்த பழுதுபார்ப்பு, மாற்றிய பாகம் ஆகியவற்றை அதில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். எழுதத் தயங்கும் ஓட்டுநருக்கு, படித்த பிள்ளைகள் உதவலாம்.

சட்டமும் உங்கள் பக்கம் நிற்கிறது. 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், வேலைக்குப் பயன்படும் பொறிகளையும் கருவிகளையும் இயன்றவரை ஆபத்தின்றிப் பராமரிக்கும் கடமையை முதலாளியின்மேல் சுமத்துகிறது. 2024-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து உண்டென நம்பத் தக்க காரணமுள்ள தொழிலாளி, அதை முதலாளியிடம் தெரிவித்தும் அவர் நீக்காவிட்டால், அவ்விடத்தையோ வேலையையோ விட்டு விலகும் உரிமை பெற்றுள்ளார். தெரிவித்ததற்குச் சான்று எது? அந்தக் குறிப்பேடே. விபத்து நேர்ந்துவிட்டால், 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் சொக்சோ உதவிக்கு வரும். ஆனால் இழந்த கையை எந்த உதவித்தொகையும் திருப்பித் தராது.

நிருவாகத்தினரும் ஒன்றைக் கருத வேண்டும். ஆறு மூட்டுகளுக்கும் ஒரு தொகுதிப் புஷ்களுக்கும் ஆகும் செலவு, ஒரு விபத்தினால் வரும் இழப்பின் ஓரத்தையும் தொடாது. வண்டி ஒரு நாள் பட்டறையில் நிற்பது நட்டமன்று.

அடுத்த முறை உங்கள் தோட்டத்து லேண்ட் ரோவரில் ஏறும் முன், குனிந்து அந்த முன்சக்கரத்தின் பின்னால் ஒருமுறை நோக்குங்கள். ரப்பர் உறை முழுமையாக இருக்கிறதா? பின் தன் இடத்தில் இருக்கிறதா? புஷ் பிதுங்காமல் இருக்கிறதா? அரை நிமிடம் போதும். ஏதேனும் குறை கண்டால் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். ஓட்டுநர் குறிப்பேட்டில் எழுதட்டும். எழுதிய குறை தீரும்வரை அவ்வண்டி ஆட்களை ஏற்றாது நிற்கட்டும்.